மாப்பிள்ளை எடுத்த படம்

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
22.10.2010

பிரியமுள்ள ஜெனிட்டா,

அக்கா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுத வழக்கப்படி கை போகிறது. ஆனால் அப்பாவுக்குச் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரே ஊருக்குள் மாரெட்பள்ளியிலிருந்து கச்சிபௌலிக்குக் கடிதமா என்று சிரிக்காதே. வீட்டுப் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆபீஸ் நேரத்தில் உன் செல் லாக்கரில் கிடக்கிறது. மற்ற நேரத்தில் அடித்தால் பிளஸ்ஸன் மாப்பிள்ளை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க மதினி" என்கிறார். நேரில் வந்தால் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அக்காளும் தங்கையும் தனியாக நாலு வார்த்தை பேச வழியில்லை. அதனால்தான் உன் ஆபீஸ் முகவரி.

தசரா லீவுக்கு நீங்கள் அந்தமானுக்கு அழைத்துப்போன அப்பா, இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கேட்டால், விமானத்தில் சளி அடைத்துக்கொண்டது என்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிறார். நேற்றுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்ததற்குத் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தார்நாகாவில் காது மூக்கு டாக்டர் நஸ்ரினிடம் கூட்டிப்போனேன். வாணியம்பாடிக்காரர், தமிழிலேயே பேசுவார். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, சளிக்கு இப்படி ஆகாதே" என்றார். அப்பா கோயிலுக்குப் போகிற முகத்தை வைத்துக்கொண்டு, "இல்லம்மா, சளிதான்" என்றார்.

அங்கே என்ன நடந்தது? மறைக்காமல் எழுது. கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது. நம் தமிழ்ச் சபைக் குவயரில் பேஸ் குரல் என்றால் எல்லோருக்கும் நம் அப்பா யேசுதாஸ் அய்யாதான். அவர் தன் குரலையே கேட்க முடியாமல் எப்படிப் பாடுவார்?

உன் அக்கா,
ஜூடித்


கச்சிபௌலி
1.11.2010

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெனிட்டா எழுதுவது. கர்த்தர் தயவால் நாங்கள் நலம். நீ வழக்கம்போல் ஒன்றை ஒன்பதாக்கிக் கவலைப்படுகிறாய் என்று கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை அக்கா. ஹேவ்லாக் தீவில் கடற்கரையில் பிரம்பு நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். இளநீர் குடித்தார், ஞானப்பாட்டு முணுமுணுத்தார். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் ஸ்கூபா போனோம். முதுகில் சிலிண்டர் கட்டி, கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறார்கள். பவளப்பாறை, கட்டம்போட்ட மீன், என்ன அழகு! அவர் தண்ணீருக்கடியில் எடுக்கிற கேமராவை வாடகைக்கு வாங்கியிருந்தார். ஆறு மாதமாக இன்டர்நெட்டில் படித்துத் தயார் செய்துகொண்டிருந்தார், உனக்குத் தெரியுமே. அப்பா படகில் கூட வந்து வேடிக்கை பார்த்தார், அவ்வளவுதான்.

சளிதான். வரும்போது சென்னை விமானத்தில் ஏசி அதிகம். டாக்டரை ரொம்பக் குழப்பாதே, அந்த அம்மா சளிக்கே மருந்து கொடுக்கட்டும், ப்ளீஸ். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
ஜெனிட்டா


மாரெட்பள்ளி
9.11.2010

ஜெனிட்டா,

இன்று உன்னைச் சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்றுக் கூரியரில் ஒரு டிவிடி வந்தது. அனுப்பியது உன் வீட்டுக்காரர். 'மாமாவுக்கு அன்புடன், கடலுக்கடியில் நாம்' என்று உறைமேல் எழுதியிருந்தார். நீ பொய் எழுதியது பாவம் அவருக்குத் தெரியாது போல. அப்பா உடனே போடச் சொன்னார். போட்டேன்.

பிரம்பு நாற்காலியும் இல்லை, இளநீரும் இல்லை. அறுபத்தொன்பது வயது மனிதர் கறுப்பு ரப்பர் உடுப்பில், முதுகில் சிலிண்டரோடு, படகு விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கிறார். அடுத்து, தண்ணீருக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். இன்ஸ்ட்ரக்டருடைய கை அவர் தோளில் தெரிகிறது. அப்பா காதைத் தொட்டுக் காட்டுகிறார். கேமராவைப் பார்த்துத்தான் காட்டுகிறார் ஜெனிட்டா! மறுபடியும் காட்டுகிறார். எடுக்கிற மகானுபாவர் என்ன செய்தார்? அந்தப் பக்கமாக ஒரு மஞ்சள் மீன் போனது. கேமரா மீன் பின்னாலேயே போய்விட்டது. அப்பா என்ன ஆனார் என்று அதற்கப்புறம் காட்டவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் கீபோர்டு இசை வேறு. மீன் நன்றாக விழுந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடு.

இதைப் பார்த்துவிட்டு அப்பா சொல்கிறார்: "மாப்பிள்ளை நல்லா எடுத்துருக்காருல்ல?" எனக்கு டிவியைத் தூக்கி உடைக்கலாம் போல இருந்தது.

இன்று டாக்டரிடம் ஓடினேன். கடலில் இறங்கினார் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "ஒரு தடவை இறங்கினாரா, வலியோட மறுபடி இறங்கினாரா? ஒரு தடவைன்னா காது ஜவ்வுதான் கிழிஞ்சிருக்கும், தானா ஆறும், காத்திருக்கலாம். மறுபடி இறங்கியிருந்தா உள்காது கிழிஞ்சிருக்கும், உடனே திறந்து அடைக்கணும். இப்பவே லேட்" என்றார். இந்த வயதில் காரணமில்லாமல் கத்தி வைக்க அவருக்கு மனமில்லை. அப்பாவோ ஒரே தடவைதான் என்று சாதிக்கிறார்.

நீ அந்தப் படகில் இருந்தாய். மற்றப் பொய்களுக்கெல்லாம் பிறகு வருகிறேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. ஒரு தடவையா, இரண்டு தடவையா?

ஜூடித்


மாரெட்பள்ளி
22.11.2010

ஜெனிட்டா,

இன்னும் பதில் இல்லை. வாய்தான் அடைத்துப்போயிற்று, கையுமா?

அப்பா சனிக்கிழமை காய்கறி வண்டிக்கு முன்னால் தலைசுற்றி விழுந்தார். முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. வண்டிக்காரனும் எதிர்க் கடைக்காரரும் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்காமல் போனை எடுத்தேன், மாப்பிள்ளையையே கேட்டுவிடலாம் என்று. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது, ஜூடித். எனக்கு வாக்குக் குடு" என்றார். கொடுத்துத் தொலைத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மாப்பிள்ளை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதாம்.

ஆகவே அவரைக் கேட்க முடியாது. உன்னைத்தான் கேட்க முடியும். எழுது.

ஜூடித்


கச்சிபௌலி
29.11.2010

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எனக்கும் எழுத வரவில்லை.

உன் கடிதம் வந்தால் ரிசப்ஷனில் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். எல்லோரும் வக்கீல் நோட்டீசா என்று கேட்கிறார்கள். இங்கே அப்ரைசல் நேரம். தயவுசெய்து இனி இங்கே எழுதாதே.

நீயும் ஒன்று கேட்டுக்கொள். அம்மா போனதிலிருந்து அப்பாவை நீ வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் கட்டிப்போட்டிருக்கிறாய். டீயில் சர்க்கரை கூடாது, சாயங்காலம் வெளியே கூடாது, பஸ் கூடாது. அவர் சிரித்தே எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியுமா? எங்களோடுதான் சிரித்தார். உனக்கும் டிக்கெட் போடுகிறேன் என்று இவர் எவ்வளவு கெஞ்சினார்! விடைத்தாள் திருத்த வேண்டும் என்று நீதான் வரவில்லை. இப்போது வயிற்றெரிச்சல்.

படகிலேயே இருந்தார் என்று நான் எழுதியது தப்புதான், நீ கத்துவாய் என்று பயந்து எழுதினேன். அப்பா ஆசைப்பட்டு இறங்கினார். ஒரே ஒரு முறை. டாக்டரிடம் அப்படியே சொல். இதோடு விடு.

ஜெனிட்டா


மாரெட்பள்ளி
6.12.2010

ஜெனிட்டா,

விட மாட்டேன்.

நான் சர்க்கரையைக் குறைத்தது உண்மை. கட்டிப்போட்டேன் என்கிறாயே, அதையும் வைத்துக்கொள். வயிற்றெரிச்சல் என்றாயே, அதையும் வைத்துக்கொள். என்ன வேண்டுமானாலும் திட்டு. நான் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டுத் திட்டு.

உன் கடிதம் வந்ததும் அந்த டிவிடியை மறுபடி போட்டேன். அப்பா தூங்கட்டும் என்று காத்திருந்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கீபோர்டு இல்லாமல் பார்த்தால்தான் கண் தெரிகிறது. படகில் சிரிக்கிற காட்சியில் நிறுத்தினேன். 'மாமாவின் முதல் டைவ்' என்று கீழே பொடி எழுத்தில் ஓடுகிறது. அப்பாவின் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்கிறது. காதோரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்தில் நிற்கிற நீ காய்ந்த துணியில் நிற்கிறாய். வானம் நீலம், மழை இல்லை. இடது கையில் ஒரு துண்டை வைத்துக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறார், அழுத்திக்கொண்டே சிரிக்கிறார்.

முதல் தடவையாகக் கடலில் இறங்கப்போகிற மனிதருக்குத் தலை எப்படியடி நனைந்தது?

அப்பாவைக் கேட்டேன். "அலை அடிச்சுதும்மா" என்றார். எல்லோரையும் விட்டுவிட்டு அலை அவரை மட்டும் அடித்ததாம். டாக்டர் அவர் வாய் வார்த்தையை நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறார். நனைந்த முடியைப் பார்த்து நான் சொல்வதை வைத்துக் கத்தியெடுக்க முடியுமா? கூட இருந்தவர் சொல்ல வேண்டும். இருந்தது நீ.

இந்தக் கடிதத்துக்கும் நீ பொய் எழுதினால் இனி நான் உனக்கு அக்கா இல்லை.

ஜூடித்


கச்சிபௌலி
15.12.2010

அக்கா,

இரண்டு தடவை.

இதைத் தபாலில் போடாமல் ஆபீஸ் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். உடனே டாக்டரிடம் போ.

முதல் தடவை இறங்கி ஏறினதுமே அப்பாவுக்குக் காது வலி. துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் இவர் கேமராவைப் பார்த்தார். தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து மூடின பிறகு பட்டனை அழுத்தவே மறந்திருக்கிறார். ஒன்றுமே பதிவாகவில்லை. முகம் எப்படி ஆயிற்று என்று உனக்குச் சொல்ல முடியாது. "மாமா, இன்னொரு தடவை போயிட்டு வந்துருவோமா? இப்பத்தான் முதல்ல இறங்குற மாதிரி சிரிச்சா போதும்" என்றார். இன்ஸ்ட்ரக்டர் பையன் இன்றைக்கு வேண்டாம் என்று இந்தியில் சொன்னான். அப்பாவின் வயதையே அவனிடம் ஐம்பத்தெட்டு என்றுதான் இவர் சொல்லியிருந்தார். "அவருக்கு ஒண்ணுமில்ல, அவரையே கேளு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொன்னால் போதும், அதற்காகத்தான் பார்த்தார். எனக்கு அது அப்போதே தெரிந்தது. எல்லோர் முன்னாலும் நான் இவர் பேச்சை மறுத்தால் வீட்டில் பிறகு எத்தனை நாள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. நான் சரி என்று தலையாட்டினேன்.

அப்பா துண்டை மடித்து வைத்துவிட்டு என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை வாயைத் தொறந்து கேட்டுட்டாரு, நக்கோ, வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். இறங்கினார்.

மேலே வந்தபோது துண்டில் ரத்தம். அவரே அதைக் கடல் தண்ணீரில் அலசினார். "ஜூடித்துக்குச் சளின்னு சொல்லிருவோம். மாப்பிள்ளைக்குக் கெட்ட பேரு வரக் கூடாது" என்றார். பிறகு நான் என்ன எழுத முடியும்?

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. எழுதுவாய்தானே?

ஜெனிட்டா


மாரெட்பள்ளி
29.12.2010

ஜெனிட்டா,

கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்து உனக்கு இந்த வருஷம் என்னிடமிருந்து இல்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே தார்நாகா போனேன். டாக்டர் மறுபடி பரிசோதனை செய்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா திறந்திருப்பேன். இனிமே திறந்து பிரயோசனமில்ல. அந்தக் காது போச்சு. வலது காதும் ஏற்கெனவே மந்தம், அந்தப் பக்கம் கிட்ட நின்னு சொன்னாத்தான் விழும். தலைசுத்தல் மட்டும் போகப்போகக் குறையும்" என்றார். நான் நவம்பர் ஒன்பதாம் தேதி உன்னைக் கேட்டேன். ஒரே வார்த்தைதான் கேட்டேன். கூடப் பிறந்தவள் என்று கேட்டேன்.

கேரல் ஆராதனையில் அப்பா பாடினார். நான் எவ்வளவோ தடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, நோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். முதல் பாட்டிலேயே குரல் சுருதியை விட்டு விலகி எங்கேயோ போயிற்று. அவருக்கு அது தெரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டே இருந்தார். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குவயர் மாஸ்டர் தேவராஜ் அண்ணன் இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்து, "அய்யா, இந்த வருஷம் நீங்க உக்காந்து கேளுங்க" என்றார். நாற்பது வருஷம் நின்ற இடத்திலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

உனக்கு உன் வீட்டில் பயம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை. இங்கே உனக்கு ஒரு கட்டில் எப்போதும் இருக்கிறது, எந்த நேரமும் வரலாம். ஆனால் உன்மேல் கோபம் போகவில்லை. இரண்டும் உண்மை.

ஜூடித்


கச்சிபௌலி
24.1.2011

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதத் துணிவு வரவில்லை. பந்த் என்று கம்பெனி பஸ்ஸும் ஓடவில்லை, நாலு நாள் வீட்டிலேயே அவரோடு இருந்தேன். அப்பாவின் தலைசுற்றல் குறைந்ததா? நீ சாப்பிடுகிறாயா?

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். காது போய்விட்டது, டாக்டர் சொன்னது, எல்லாம். டிவியைப் பார்த்துக்கொண்டே, "எழுபது வயசுல யாருக்குத்தான் காது கேக்குது? வயசானா போகத்தான் செய்யும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்தில், ஆராதனை முடிந்ததும் கோயில் ஹாலில் இவர் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போடப்போகிறார். அது இவர் நம் அப்பாவுக்குக் கொடுக்கிற பரிசாம். ப்ரொஜெக்டருக்குச் சொல்லியாயிற்று. அப்பாவிடமும் போனில் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை ஆசைப்பட்டால் போடட்டும் என்று அப்பாவும் சொல்லிவிட்டாராம்.

நான் தடுக்க முயன்றேன். முடியவில்லை. நீ ஏதாவது செய் அக்கா.

ஜெனிட்டா


மாரெட்பள்ளி
2.2.2011

பிளஸ்ஸனுக்கு,

ஜூடித் எழுதுவது. இதுவரை ஜெனிட்டாவின் ஆபீசுக்கு எழுதினேன். இது உங்கள் வீட்டு முகவரிக்கு, உங்கள் பெயருக்கே வருகிறது. மாப்பிள்ளை என்று தொடங்கக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டாம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதை இன்று உடைக்கிறேன். அப்பா கோபித்தால் அது என் பாடு.

எனக்கு எல்லாம் தெரியும். ஓடாத கேமரா தெரியும், ஐம்பத்தெட்டு வயது தெரியும், துண்டு தெரியும். இடது காது கேட்காமல் போனது வயதானதால் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னாய் என்று ஜெனிட்டாவை ஒரு சொல் கேட்டால், அன்றைக்கே வந்து அவளை இங்கே அழைத்துக்கொண்டு போய்விடுவேன். அதற்கு நான் யாரிடமும் உத்தரவு கேட்க மாட்டேன்.

பதின்மூன்றாம் தேதி படத்தைப் போடுங்கள். நான் தடுக்கவில்லை. முழுதாகப் போடுங்கள். அவர் காதைத் தொட்டுக் காட்டுகிற இடத்தையும், உங்கள் கேமரா மீனைத் தேடிப் போகிற இடத்தையும் சபையார் எல்லோரும் பார்க்கட்டும். இசை மட்டும் வேண்டாம்.

படம் முடிந்ததும் விளக்கைப் போடச் சொல்கிறேன். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எழுந்து வந்து அவருக்கு இடது பக்கம் நில்லுங்கள். அங்கே நின்று, படகில் என்ன நடந்தது என்று சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்தக் காதில் ஒன்றும் விழாது. மாப்பிள்ளை தன்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்றே என்று அவர் மனம் சங்கடப்படாது. நீங்கள் வாழ்த்துகிறீர்கள் என்று நினைத்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். கேட்க வேண்டியவர்கள் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் சொல்லாவிட்டால், நான் அவருக்கு வலது பக்கம் வந்து நின்று சொல்வேன்.

ஜூடித் யேசுதாஸ்